விமானிக்கு 6 லட்சம் டாலர் கொடுத்தும் ஏன் போகிறார்கள்?

வாசகர் கேள்வி, 9 மார்ச் 2024

அமெரிக்க விமானப்படையில் இன்னும் 12 வருடம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடும் விமானிக்கு 6 லட்சம் டாலர் வரை போனஸ் தருகிறார்களாம். நம் காசில் கிட்டத்தட்ட 5 கோடி. சீருடை போட்டவனுக்குக் கொடுக்கும் லஞ்சம் இல்லையா இது? இவ்வளவு கொடுத்தும் ஆள் இல்லை என்று புலம்புகிறார்களே, அது எப்படி?

9 மார்ச் 2024, இரவு

லஞ்சம் என்று சொல்ல மாட்டேன். நான் விமானி இல்லை. நம் விமானப்படையில் என்ஜின் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் விமானிகள் வருவதையும் போவதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மகன் வர்ஜீனியா பீச்சில் இருப்பதால் அமெரிக்கக் கதையும் கொஞ்சம் காதில் விழும்.

முதலில் அந்த 6 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். வருடத்துக்கு அதிகபட்சம் 50,000 டாலர், 12 வருடம். எல்லாருக்கும் அதே தொகை இல்லை. எந்த வகை விமானம், எத்தனை வருட ஒப்பந்தம் என்பதைப் பொறுத்து மாறும். எந்த வகைக்கு ஏன் இவ்வளவு என்று ஒவ்வொரு வருடமும் கணக்குக் காட்டி நியாயப்படுத்தச் சொல்கிறது சட்டம்.

இன்னொன்று, நேற்று இறக்கை (விமானி என்பதற்கான சின்னம்) வாங்கிய பையனுக்கு இது கிடையாது. அமெரிக்க விமானப்படையில் பயிற்சி முடித்து இறக்கை குத்திய நாளில் இருந்து 10 வருடம் கட்டாயமாக இருக்க வேண்டும். அந்தப் பத்து முடிகிற இடத்தில்தான் போனஸ் வந்து நிற்கும். அப்போது அவருக்கு வயது 33, 34. கல்யாணம் ஆகி, குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற வயது.

தொகையின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1989 வாக்கில் வருடத்துக்கு 12,000. தொண்ணூறுகளின் கடைசியில் 22,000, அப்புறம் 25,000. அந்த 25,000-ஐப் பதினைந்து வருடத்துக்கு மேல் அசைக்கவே இல்லை. 2017-இல் 35,000 ஆக்கியபோது பெரிய செய்தியாக வந்தது. விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தால் 1999-இன் 25,000-ம் 2017-இன் 35,000-ம் ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது உச்சவரம்பு 50,000.

10 மார்ச் 2024

“12 வருஷம் கழித்து அந்த ஆளுக்கு முதுகு இருக்குமா” என்று கேட்ட நண்பருக்கு: போர் விமானிகளுக்குக் கழுத்து, முதுகு இரண்டும் போகும். போனஸ் ஒப்பந்தத்தில் ஃபிசியோதெரபி சேர்த்தி இல்லை.

16 மார்ச் 2024

நேற்று இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி. 50,000 டாலர் சும்மா வருகிறது, வேண்டாம் என்கிறவன் முட்டாள்தானே என்று.

ஏர்லைன் கணக்கு தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அமெரிக்க ஏர்லைனில் எல்லாமே சீனியாரிட்டி நம்பர். எந்த விமானம், எந்த ஊரில் தங்கல், தீபாவளி மாதிரி அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா, எப்போது கேப்டன், கெட்ட காலம் வந்தால் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது, எல்லாம் அந்த நம்பர்தான். நீங்கள் எஃப்-16 போர் விமானத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்திருந்தாலும், உங்களுக்கு முந்தின வாரம் சேர்ந்த இருபத்தாறு வயதுப் பெண் உங்களுக்கு சீனியர்.

இப்போது இதைக் கவனியுங்கள். ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்தால் நஷ்டம் முதல் வருடச் சம்பளம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அது தப்புக் கணக்கு. எப்போது சேர்ந்தாலும் முதல் வருடச் சம்பளத்தில்தான் ஆரம்பிப்பீர்கள். 65 வயதில் இறக்கி விடும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு வருடம் குறைந்திருக்கும். அது பெரிய விமானத்தின் கேப்டன் சம்பளம், பெரிய கம்பெனிகளில் இன்றைக்கு மணிக்கு 400 டாலருக்கு மேல். டெல்டா விமானிகளுக்கு 2023 மார்ச்சில் கிடைத்த ஒப்பந்தம் நாலு வருடத்தில் 34 சதவீத உயர்வு. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே ஏற்றின.

அதனால் 34 வயதில் நிற்கிற விமானியின் முன்னால் இருப்பது 50,000 பெரிதா பூஜ்யம் பெரிதா என்ற கேள்வி இல்லை. இன்னும் எட்டு வருடம் இருந்து 42-இல் போனால் 20 வருடச் சேவை முடியும், பென்ஷன் வரும், கூடவே 4 லட்சம் வரை போனஸ். இப்போதே போனால் ஏர்லைனில் 31 வருடம். 42-இல் போனால் 23. அந்த எட்டு வருடமும் உச்சச் சம்பளக் காலத்தில் இருந்து குறைகிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று முழுக்கச் சொல்ல முடியாது. பென்ஷன் இருக்கிறதே, அது பெரிய பொரி. ஆனால் கணக்குத் தெரிந்த ஆளுக்கு போனஸ் மட்டும் போதாது என்பது நிச்சயம்.

17 மார்ச் 2024

விட்டுப் போனது. 2009-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரம் பக்கம் கோல்கன் கம்பெனியின் பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2013-இல் ஏர்லைனில் துணை விமானிக்குக்கூட 1,500 மணி நேரம் வேண்டும் என்று விதி வந்தது. ராணுவ விமானிக்கு 750 போதும். பயணிகள் பாதுகாப்புக்காகப் போட்ட விதி, ராணுவ விமானியை ஏர்லைன் வாசலில் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டது.

2007 டிசம்பரில் ஏர்லைன் விமானிகளின் ஓய்வு வயதை 60-இலிருந்து 65 ஆக்கினார்கள். அடுத்த ஐந்து வருடம் ஏர்லைனில் வயதைக் காட்டி யாரையும் ஓய்வில் அனுப்ப வேண்டியிருக்கவில்லை, ஆள் எடுப்பும் மந்தம். அந்தக் காலத்தில் 25,000 டாலர் போனஸே நன்றாக வேலை செய்வது போலத் தெரிந்தது. 2012, 13-க்குப் பிறகு மடை திறந்தது. ஆட்கள் தங்கியது போனஸால் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்திருக்கும்.

போனஸுக்கு வரி உண்டா என்று கேட்டவருக்கு: ஆமாம், வருமான வரி உண்டு. போர்ப் பகுதியில் இருக்கும்போது கையெழுத்துப் போட்டால் ஒரு வரம்புக்குள் விலக்கு கிடைக்கும். அதனால் அங்கே போகும்வரை காத்திருந்து கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. எந்த ஊரானாலும் வரி என்று வந்துவிட்டால் மனுஷ புத்தி ஒன்றுதான்.

2 ஏப்ரல் 2024

கேள்வி முழுக்க விமானியைப் பற்றியே போகிறது. பின் சீட்டுக்காரரை எல்லாரும் மறந்துவிட்டோம்.

மகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கடற்படை ஃப்ளைட் ஆபீசர் ஒருவர் இருந்தார். விமானம் ஓட்டும் வேலை அவருடையது இல்லை. கப்பலில் இருந்து கிளம்பும் ஹாக்ஐ என்ற ரேடார் விமானத்தின் நடுவில், ரேடார் திரையைப் பார்த்தபடி பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கும் மூன்று பேரில் ஒருவர். முன்னால் இருக்கும் இரண்டு பேர் ஓட்டுவார்கள். வானத்தில் யார் எங்கே, யார் யாரை நோக்கிப் போக வேண்டும் என்று சொல்வது இந்த மூன்று பேர். புல் வெட்டிக்கொண்டே வேலி ஓரத்தில் நின்று பேசுவார். எனக்கும் என்ஜின் வாசனை உள்ள பேச்சு கிடைத்தால் போதும்.

அவரிடம் போனஸ் வாங்கினீர்களா என்று கேட்டேன். வாங்கினாராம். கடற்படையில் ஸ்க்வாட்ரனில் (விமான அணியில்) துறைத் தலைவராகத் தேர்வாகிறவர்களுக்கு ஐந்து வருட ஒப்பந்தம். 2018 வாக்கில் உச்சத் தொகை 1,75,000 டாலர்; எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து குறையும். சரி, பணம் இல்லாவிட்டால் போயிருப்பீர்களா என்றேன். சிரித்தார். “எங்கே போவது? ரேடார் திரையைப் பார்க்க எந்த ஏர்லைனும் ஆள் எடுப்பதில்லையே.”

எனக்குப் பிடிபட்டது அப்போதுதான். எப்படியும் தங்கப் போகிறவருக்குக் கொடுத்த பணம் அது. அதற்காக அவருக்குக் கொடுக்காமலும் இருக்க முடியாது. ஒரே ஸ்க்வாட்ரனில், ஒரே கப்பலில், ஒரே மாதிரி ஏழெட்டு மாதம் வீட்டை விட்டுப் போகிறவர்களில் ஒருவனுக்குக் கொடுத்து இன்னொருவனுக்கு இல்லை என்றால் கப்பலில் சோறு இறங்காது. அதோடு ஹாக்ஐ ஸ்க்வாட்ரனில் பறக்கும் அதிகாரிகளில் பாதிக்கு மேல் இந்தப் பின் சீட்டுக்காரர்கள்தான். ஏர்லைன் கூப்பிடாவிட்டாலும் ராணுவத் தளவாடக் கம்பெனிகள் கூப்பிடும், மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிற கம்பெனிகள்.

3 ஏப்ரல் 2024

“ஆக அரசுப் பணம் வீண்” என்று முடிவு கட்டியவர் கொஞ்சம் பொறுங்கள். நான் சொன்னது ஒரு ஆளைப் பற்றி. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் வைத்திருக்கிறவனுக்காகத்தான் போனஸ். எவன் அப்படி நிற்கிறான் என்று வெளியில் இருந்து தெரியாது. அதனால் எல்லாருக்கும் நீட்ட வேண்டியிருக்கிறது.

21 ஜூலை 2024

அமெரிக்காவின் ஐசனோவர் விமானந்தாங்கிக் கப்பல் போன வாரம் தன் துறைமுகமான நார்ஃபோக் திரும்பியது. போன அக்டோபரில் போனது, செங்கடலில் ஏமனின் ஹூத்தி படையினரின் ஏவுகணைகளுக்கு நடுவே நின்றது, இரண்டு தடவை திரும்பும் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். ஒன்பது மாதம்.

இந்த இழையில் இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போனஸ் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று எழுதியிருக்கும். அந்த வருடத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பாய் என்று எழுதியிருக்காது. பணம் கொடுத்து வாங்குவது அவனுடைய நேரத்தை இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை. அதை விற்கத்தான் பலர் தயங்குகிறார்கள்.

2023-இல் விமானப்படை ஒரு சோதனைத் திட்டம் போட்டது. கட்டாயக் காலம் முடியும் முன்பே கையெழுத்துப் போட்டால் போனஸ், கூடவே அடுத்த போஸ்டிங் எங்கே என்பதில் விமானியின் விருப்பத்துக்கும் இடம். அந்த இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனைவி வேலை பார்க்கும் ஊரிலேயே மூன்று வருடம் என்றால் 50,000-ஐவிட எடை கூட.

அதே ஜூலை 2023-இல் இன்னொரு கூத்தும் நடந்தது. பணியாளர் நிதி தீர்ந்துபோகிறது என்று போனஸையும் இடமாற்றங்களையும் திடீரென நிறுத்தினார்கள். வேறு தலைப்பில் இருந்து நிதியை நகர்த்த நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டதும் சில நாளில் திரும்ப ஆரம்பித்தார்கள். ஆளைப் போகாதே என்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கல்லாவில் காசில்லை என்றால் அவன் என்ன நினைப்பான்?

18 ஆகஸ்ட் 2024

ஏப்ரலில் “வீண்” என்றவருக்கு இப்போது கணக்கோடு.

ராண்ட் ஆய்வு நிறுவனம் 2019-இல் ஒரு விமானியை அடிப்படைத் தகுதிக்குக் கொண்டுவர ஆகும் செலவைப் போட்டது. எஃப்-22 போர் விமானிக்கு 1 கோடியே 9 லட்சம் டாலர். எஃப்-16 விமானிக்கு 56 லட்சம். சி-17 சரக்கு விமானத்துக்கு 11 லட்சம். புது ஆளைத் தயாரிப்பதைவிட இருக்கிறவரைத் தக்கவைப்பதே மலிவு என்பது அவர்கள் முடிவு.

நானும் ஒரு கற்பனைக் கணக்குப் போட்டேன். 100 பேரில் 50 பேர் போனஸ் இல்லாமலே இருப்பார்கள், போனஸ் கொடுத்தால் 60 பேர் என்று வையுங்கள். 60 பேருக்கும் ஆளுக்கு 6 லட்சம், மொத்தம் 360 லட்சம். கூடுதலாகத் தங்கியது 10 பேர். ஆக ஒரு ஆளுக்கு 36 லட்சம். எஃப்-16-க்கு லாபம், எஃப்-22-க்குக் கொள்ளை லாபம். சி-17-க்கு நஷ்டம் போலத் தெரிகிறது. தயங்கி நிற்கிறவர்கள் 10 இல்லாமல் 30 பேர் என்றால் கணக்கே மாறிவிடும். வீணா இல்லையா என்பது அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. ஏர்லைன் ஆள் எடுக்கும் வேகத்தைப் பொறுத்து வருடா வருடம் அது மாறும். 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் தரையில் நின்றபோது போனஸை ஏற்றாமலே நிறையப் பேர் தங்கினார்கள்.

19 ஆகஸ்ட் 2024

நேற்றைய கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, யாரும் பிடிக்கவில்லை. 56 லட்சம் என்பது அடிப்படைத் தகுதி பெற்ற புது ஆளுக்கு. போகிறவனோ பத்து வருட அனுபவம் உள்ளவன். நாலு விமானத்தை வழிநடத்திப் போகிறவன், புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். அவன் இடத்துக்கு அடுத்த வருடம் பயிற்சி முடித்து வருகிற பையனைப் போட முடியாது. பத்து வருடத்தைக் கடையில் வாங்க முடியுமா?

1 செப்டம்பர் 2024

இதுதான் சங்கதியின் நடு என்று எனக்குப் படுவதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் 2018-இல் சொன்னது: விமானப்படைக்குப் போர் விமானிகள் பற்றாக்குறை 2006-இல் 192 பேர், அதாவது 5 சதவீதம், 2017-இல் 1,005 பேர், 27 சதவீதம். எல்லா வகை விமானிகளும் சேர்த்தால் சில வருடமாகவே சுமார் 2,000 பேர் குறைவு. 2017 அக்டோபரில், ஓய்வு பெற்ற விமானிகள் 1,000 பேர் வரை திரும்பக் கூப்பிடலாம் என்று ட்ரம்ப் உத்தரவே போட்டார். கட்டாயப்படுத்திக் கூப்பிடவில்லை, விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்பதோடு நின்றது.

பற்றாக்குறைக்குப் போகிறவர்கள் மட்டும் காரணமா? 1991 வளைகுடாப் போரின்போது 134 போர் விமான ஸ்க்வாட்ரன்கள். 2017 வாக்கில் ஐம்பத்தைந்து. புது விமானிகள் கை பழகுவது ஸ்க்வாட்ரனில்தான். ஸ்க்வாட்ரன் குறைந்தால் பழக இடம் குறைகிறது, பழக்க ஆளும் குறைகிறது. பயிற்சிப் பக்கமும் அடி விழுந்தது. 2017-இல் டி-45 பயிற்சி விமானத்தில் மூச்சுக்காற்றில் கோளாறு என்று கடற்படைப் பயிற்சியாளர்கள் நூறு பேருக்கு மேல் பறக்க மறுத்தார்கள். அடுத்த வருடம் விமானப்படையின் டி-6 விமானங்களை அதே மாதிரிக் காரணத்துக்காக நிறுத்தி வைத்தார்கள்.

ஆள் குறைந்தால் என்ன செய்வார்கள்? விமானத்தைக் காலியாக விட முடியாது. அதனால் தலைமையக மேசைகளைக் காலியாக விட்டார்கள். அந்த மேசை வேலை எங்கே போகும்? ஸ்க்வாட்ரனுக்கே வரும். விமானி பறந்துவிட்டு வந்து உணவகக் கணக்கு, பயிற்சி அட்டவணை, யாரோ ஒருவரின் பிரிவுபசார விழா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பறக்கத்தான் வந்தேன், பறக்க நேரம் இல்லை என்பது அங்கே பழைய புலம்பல். 2017-இல் இதற்கென்று தனிக் குழு போட்டு அந்தக் கூடுதல் வேலைகளில் சிலவற்றைக் குறைத்தார்கள்.

விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் முழுக்கப் போவதும் இல்லை. ஏர்லைனில் சேர்ந்துவிட்டு, நேஷனல் கார்டு, ரிசர்வ் என்கிற துணைப் படைகளில் பகுதி நேரமாகப் பறக்கிறவர்கள் நிறைய. மீசைக்கும் ஆசை, கூழுக்கும் ஆசை. இரண்டும் கிடைக்கிற ஊர் அது.

22 டிசம்பர் 2024

“நம்ம ஊர் கதையைச் சொல்லு” என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். இந்த மாதம் நம் நாடாளுமன்றத்தில் வைத்த சி.ஏ.ஜி. (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையில் இருக்கிறது: இந்திய விமானப்படையில் விமானிகள் பற்றாக்குறை 2015 பிப்ரவரியில் 486, 2021 கடைசியில் 596.

நமக்குத் தக்கவைப்பு போனஸ் கிடையாது. பறக்கும் படி உண்டு. 2017 ஜூலையில் அதிகாரிகளுக்கு மாதம் 25,000 ரூபாய் ஆனது. மற்றபடி நம் முறை வேறு: கதவின் சாவி அரசிடம். அதிகாரி நினைத்தவுடன் ராஜினாமா செய்ய முடியாது, முன்கூட்டியே விலக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். சேவையின் தேவை என்று சொல்லி மறுக்கலாம். 20 வருடத்தில் பென்ஷன்.

பணம் மிச்சம், உண்மைதான். ஆனால் போக விரும்பி, போக விடாமல் உட்கார்ந்திருக்கிற ஆள் எப்படி இருப்பார் என்று கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். பறப்பதற்கு முன் விமானி, ‘700’ என்கிற விமானப் பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் சரிபார்த்து எழுதியதைப் படித்து ஏற்றுக்கொண்டேன் என்பதற்கு. ஸ்க்வாட்ரன் லீடர் என்ற பதவியில் இருந்த ஒரு விமானி ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படிப்பார், என்ஜின் மணி நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார். விலகல் விண்ணப்பம் கொடுத்துக் காத்திருந்த அந்த மாதங்களிலும் அந்த விரல் நிற்கவில்லை. மாறியது என்னவென்றால், கையெழுத்துப் போட்ட பிறகு எங்களோடு நின்று பேசும் அந்த இரண்டு நிமிடம் இல்லாமல் போனது. இளைய விமானிகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அவர் சொல்லிக் கொடுப்பதும் குறைந்தது.

அவர் என்னிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரு தடவை, என் பிள்ளைகள் எத்தனை பள்ளிக்கூடம் மாறினார்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு அனுமதி கிடைத்து ஏர்லைனுக்குப் போனார்.

23 டிசம்பர் 2024

“தனியார் ஏர்லைனில் சுதந்திரம்” என்று எழுதியவருக்கு: 2017-இல் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கேப்டன்களுக்கு ஒரு வருட நோட்டீஸ் காலம் விதித்தது. துணை விமானிக்கு ஆறு மாதம். ராணுவத்தில் இருந்து தப்பித்து வந்தவரை இங்கேயும் சட்டையைப் பிடித்து நிறுத்த ஆள் இருக்கிறது.

12 ஜனவரி 2025

மார்ச் 16 குறிப்பில் பென்ஷனைப் பெரிய பொரி என்று எழுதியிருந்தேன். அதில் சேர்க்க ஒன்று இருக்கிறது. பழைய முறையில் 20 வருடம் முடித்தவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். 2018-க்குப் பிறகு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு 40 சதவீதம்தான். அதற்குப் பதில் சேமிப்புக் கணக்கில் அரசும் பங்கு போடும், அந்தப் பணத்தை நடுவில் போகிறவரும் எடுத்துக்கொண்டு போகலாம். முன்பு 20 வருடத்துக்கு முன்னால் போனால் கையில் ஒன்றும் இல்லை.

2018-இல் சேர்ந்த விமானிக்குப் பயிற்சியும் பத்து வருடமும் முடிவது 2030 வாக்கில். அப்போது அவரைப் பிடித்து வைக்கும் கயிறு முன்னைவிட மெலிந்திருக்கும். இன்றைய 50,000 அன்றைக்குப் போதாது என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

2 பிப்ரவரி 2025

தங்கை மகன் விமானப்படைக்கு எழுதலாமா என்று கேட்டவருக்கு. தாராளமாக எழுதட்டும். விமானப்படையின் நுழைவுத் தேர்வான ஏ.எஃப்.சி.ஏ.டி. வழியாகப் பறக்கும் பிரிவில் சேர்ந்தால் குறுகிய காலப் பணி, 14 வருடம். நீட்டிப்பு இல்லை, பென்ஷன் இல்லை. முப்பத்தாறு, முப்பத்தெட்டு வயதில் வெளியே வருவான், ஏர்லைனில் 65 வரை நேரம் இருக்கிறது. மேலே பேசிக்கொண்டிருந்த இழுபறி அவனுக்குக் கிடையாது; எப்போது போவது என்று சேரும்போதே தெரியும். நிரந்தரப் பணி வேண்டுமென்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு எழுதும் என்.டி.ஏ. தேர்வு அல்லது பட்டத்துக்குப் பிறகு எழுதும் சி.டி.எஸ். தேர்வு பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் அங்கே சாவி யாரிடம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஏ.எஃப்.சி.ஏ.டி. பறக்கும் பிரிவுக்கு வயது 20-இலிருந்து 24. வணிக விமானி உரிமம் வைத்திருந்தால் 26 வரை. அறிவிப்பு வருடத்துக்கு இரண்டு தடவை வரும். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் இருந்ததா என்று முதலில் கேளுங்கள், பாதிப் பேர் அங்கேதான் கழன்றுகொள்கிறார்கள்.